பையில எவ்வளவு இருக்கு?

வெள்ளிமலையில் எனக்கு 40 ரூபாய் கடன் இருந்தது. இரண்டு டீ 30, ஒரு மசால் வடை 10. வீட்டுக் கடனைக்கூட மாதத்தில் தவணை நாளன்று மட்டும்தான் நினைப்பேன். இந்த 40 ரூபாய் மூன்று வாரம் என்னைத் தூங்கவிடவில்லை.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கராபுரத்து வெயில் தாங்காமல் பைக்கை எடுத்தேன். கச்சிராயபாளையம், கோமுகி அணை, அதற்கப்புறம் மலைப்பாதை, முடிவில் வெள்ளிமலை. கல்வராயன்மலை வட்டத்துக்குத் தலைமையிடம். பெயரிலேயே வெள்ளி இருக்கிற ஊருக்குச் சல்லிக்காசு இல்லாமல் போனவன் நானாகத்தான் இருக்கும்.

பர்ஸ் எடுத்துக்கொள்ளும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது. எங்கள் ஊரில் இளநீர் வண்டியில் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. பூக்காரம்மா கூடையில் சாமந்திக்கும் மல்லிகைக்கும் நடுவில் இன்னொரு அட்டை. பரோட்டா கடையில் பணம் வந்ததும் ஒரு பெட்டி உரக்க அறிவிக்கிறது. முன்பெல்லாம் ஒருவன் எத்தனை ரூபாய்க்குத் தின்றான் என்பது அவனுக்கும் கல்லாவுக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது பஸ் ஸ்டாண்டுக்கே தெரிகிறது.

மலை மேலே தூறல். குளிருக்கு ஒரு டீ, அந்த டீ ஆறிப்போனதால் இன்னொரு டீ. டீக்கடை கியூ.ஆர். அட்டையைப் போனில் ஸ்கேன் செய்து 40 என்று தட்டினேன். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கோயில் பிராகாரம்கூட மூன்று சுற்றில் முடிந்துவிடும். இது முடியவில்லை.

"மழ பேஞ்சா டவர் போயிடும் சார். காசா குடுங்க" என்றார் கடைக்காரம்மா.

சட்டைப் பை, பேன்ட் பை, பின் பை என எல்லாவற்றையும் தடவினேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் மறுபடி தடவினேன். அந்த இரண்டாவது தடவல் தேடுவதற்காக இல்லை, மரியாதைக்காக.

"பரவால்ல சார், அடுத்த தடவ வரும்போது குடுங்க."

ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி கவர்னர், தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டுத்தான் நம்மை நம்ப வைக்கிறார். இந்த அம்மா என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "ஏங்க, வண்டி ஆர்.சி. புக் கவர்ல அம்பது ரூபா வச்சிருக்கேனே, பாக்கலையா?" என்றாள்.

"நீ சொல்லவே இல்லையே?"

"சொன்னா செலவாயிடும்ல."

இதுதான் எங்கள் வீட்டுப் பொருளாதாரம். பணம் இருக்கிற இடம் பணத்துக்கு மட்டும்தான் தெரிய வேண்டும்.

என் அப்பா இதில் பெரிய ஆள். வேட்டிக்குள்ளே பட்டாப்பட்டி டவுசர், டவுசருக்குள்ளே பை. கரும்புப் பணமோ நெல்லுப் பணமோ, வந்தால் அங்கேதான் குடியேறும். கடையில் பணம் கொடுக்க வேண்டும் என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். திரும்பிய நேரத்தை வைத்தே தொகை பெரிதா சிறிதா என்று கடைக்காரர் கணக்குப் போட்டுவிடுவார். அம்மாவுக்கு இடுப்பில் சுருக்குப் பை. வெற்றிலை, பாக்கு, நாலாய் மடித்த நோட்டு எல்லாம் ஒரே குடும்பமாக இருக்கும். அந்த நோட்டை வாங்கிய கண்டக்டர் விரலிலும் சுண்ணாம்பு ஒட்டும். இருவரும் ஒரு நாளும் பின் நம்பரை மறந்ததில்லை.

2016 நவம்பர் 8 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து 500, 1000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவு முதல் செல்லாது என்றார். மறுநாளிலிருந்து, கணவனுக்குத் தெரியாமல் மனைவி சேர்த்த பணமெல்லாம் அரிசிப் பானையையும் அஞ்சறைப் பெட்டியையும் விட்டு வெளியே வந்தது. எங்கள் வீட்டில் மட்டும் 9,500 ரூபாய் சரணடைந்தது. "இவ்வளவு வச்சிருந்தியா?" என்று நான் கேட்டதற்கு, "இவ்வளவுதான்" என்று பதில் வந்தது. அந்தத் 'தான்' எனக்கு அப்போதே இடித்தது.

வரிசையில் நின்று கிடைத்தது ஒரு 2000 ரூபாய் நோட்டு. இளஞ்சிவப்பு, பார்க்க அழகு. ஊரில் யாரிடமும் அதற்குச் சில்லறை கிடையாது. 2000 ரூபாய் கையில் வைத்துக்கொண்டு டீக்குக் கடன் சொன்ன தலைமுறை எங்களுடையது. 2023 மே 19 அன்று அந்த நோட்டையும் ரிசர்வ் வங்கி திரும்பப் பெறுவதாக அறிவித்தது. வங்கிகளில் மாற்ற அக்டோபர் 7 வரை அவகாசம். தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்தபோது, அதாவது நவம்பரில், பட்டுப்புடவை மடிப்பிலிருந்து ஒன்று விழுந்தது. இனி சென்னை ரிசர்வ் வங்கிக்குப் போக வேண்டும், இல்லையென்றால் தபாலில் அனுப்ப வேண்டும். மனைவி அதை எடுத்து மறுபடி புடவைக்குள் வைத்தாள். "இருக்கட்டும், அழகாத்தான இருக்குது."

நோட்டுப் புழக்கத்தைக் குறைக்கவும்தான் இத்தனை பாடு என்று சொன்னார்கள். அந்த நவம்பரில் நாட்டில் புழங்கிய ரொக்கம் சுமார் 18 லட்சம் கோடி ரூபாய். இன்று அதற்கு இரு மடங்குக்கும் மேல். இன்னொரு பக்கம் 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ.யில் 2025 ஆகஸ்ட் ஒரே மாதத்தில் 2000 கோடி முறைக்கு மேல் பணம் கை மாறியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்றுதான் விளங்குகிறது. போனில் செலவு செய்கிறோம். நோட்டைப் புடவைக்குள் வைக்கிறோம்.

போன் எவ்வளவு முன்னேறினாலும் சில இடங்களில் அதன் பருப்பு வேகாது. மொய்யை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் 2021-இல் ஒரு கல்யாணப் பத்திரிகையிலேயே கியூ.ஆர். அச்சடித்தார்கள். செய்தியாக வந்தது. ஆனால் 501 ரூபாயைப் போனில் அனுப்பிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் சாம்பார் இறங்க மாட்டேன் என்கிறது. மேசையில் நோட்டும் பேனாவுமாக இருப்பவர் ஊர், பெயர், தொகை என்று உரக்கச் சொல்லி எழுத வேண்டும். பக்கத்தில் நிற்கும் பங்காளி காதில் அது விழ வேண்டும். அதற்கல்லவா மொய்!

ரொக்கம் ரொம்பக் குறைந்தால் அவமானம்; கூடினால் ஆபத்து. தேர்தல் வந்துவிட்டால் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணம் இல்லாமல் கொண்டு போனால் பறக்கும் படை பிடித்துக்கொள்ளும். சந்தையில் மாடு விற்றுவிட்டு வருகிறவர் ரசீதுக்கு எங்கே போவார்? மாட்டைத்தான் விற்றுவிட்டாரே, சாட்சிக்குக் கூப்பிடவும் முடியாது. என் வண்டியையும் ஒரு தேர்தலில் நிறுத்தினார்கள். பையைச் சோதித்த காவலர், உள்ளே இருந்த 70 ரூபாயையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "போங்க சார்" என்று அவர் சொன்ன குரலில் இருந்த இரக்கம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கடனுக்கு வருகிறேன். மலைக்குப் போகும் முன் வீட்டு உண்டியலைக் கவிழ்த்தேன். சரியாக நான்கு பத்து ரூபாய் நாணயங்கள் விழுந்தன. இவற்றை எங்கள் ஊர்க் கடைகளில் நீட்டினால், "காயின் வேணாங்க, நோட்டா குடுங்க" என்பார்கள். இது தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கிற வியாதி. 14 வடிவங்களில் வந்த பத்து ரூபாய் நாணயங்கள் எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. அறிவிப்பு கல்லா வரைக்கும் வந்து சேரவில்லை. தர்மபுரி மாவட்டம் அரூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, 2022-இல் 6 லட்சம் ரூபாய்க்குப் பத்து ரூபாய் நாணயங்களாகவே கொண்டுபோய்க் கொட்டி ஒரு காரே வாங்கிவிட்டார். இத்தனைக்கும் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு நேரத்தில் 1000 ரூபாய்க்கு மேல் நாணயமாக வாங்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. கடைக்காரர் மனம் இரங்கியிருக்கிறார். எனக்கு வேண்டியது கார் இல்லை. 40 ரூபாய் கணக்குத் தீர வேண்டும், அவ்வளவே. கீழே செல்லாத காயின் மேலே செல்லும் என்று ஒரு கள்ள நினைப்பும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

போனை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். கையில் காசு இருக்கும்போது போன் எதற்கு என்ற திமிர்.

கடைக்காரம்மாவுக்கு என்னை நினைவிருந்தது. நான்கு நாணயங்களையும் கல்லாப்பெட்டி மேல் வரிசையாக வைத்தேன். அவர் பார்த்தார்.

"பத்து ரூபா காயின் யாரும் வாங்கறதில்ல சார். போன்லயே போடுங்க. இன்னைக்கு டவர் நல்லா இருக்குது."

ரிசர்வ் வங்கி, 14 வடிவம், நாணயச் சட்டம் எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. மூன்று வாரம் பெயர் கேட்காமல் கடன் கொடுத்தவரிடம் சட்டம் பேச வாய் வரவில்லை. ஆர்.சி. புக் கவரைத் திறந்தேன். 50 ரூபாய் அங்கேயே இருந்தது. மனைவி வாழ்க!

அவர் நோட்டை வாங்கிக் கல்லாவைத் துழாவினார். மறுபடி துழாவினார். அந்த இரண்டாவது துழாவல் எனக்குப் பழக்கமானது.

"பத்து ரூபா நோட்டா இல்ல சார். எவனோ ஏமாந்த நேரத்துல தள்ளிட்டுப் போன காயின் ஒண்ணு கெடக்குது. வாங்கிக்கிறீங்களா?"

வாங்கிக்கொண்டேன். நாலு காயினோடு மலை ஏறியவன், கடனையும் அடைத்துவிட்டு, ஐந்து காயினோடு இறங்கினேன்.

ஆக, இன்று என் பையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் 50 ரூபாய். ஐந்தும் நல்ல காசு, ஐந்தும் செல்லும். சங்கராபுரம் பக்கம் வந்தால் சொல்லுங்கள், டீ என் செலவு. காயின் வாங்குகிற கடையை மட்டும் நீங்கள் பார்த்துவையுங்கள்.