முதல்மொழித் தேர்வு: ஒரு நீலத்திரை ஆய்வு

நிரல் எழுதக் கற்கப் புகும் மாணவர் தமக்குரிய முதல்மொழியையும் கம்பைலரையும் எந்த நெறிப்படி தேர்கிறார் என ஆராயப் புகுந்தோம். தொடக்கத்திலேயே இடர் நேர்ந்தது: அப்படித் தேர்ந்த மாணவர் ஒருவரும் அகப்படவில்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் மொழியைப் பாடத்திட்டம் தேர்கிறது. கம்பைலரை லேப் பொறுப்பாளர் தேர்கிறார். இரண்டையும் அசையாமல் நிறுத்துவது சீனியர் அண்ணன் விட்டுப்போன ரெக்கார்டு நோட்டு. மூன்றனுள் நோட்டே தலையாயது என்பது எம் துணிபு.

சான்று, டர்போ சி++. போர்லாண்டு நிறுவனம் 1990இல் வெளியிட்ட இக்கம்பைலர், நீலத்திரையும் மஞ்சள் எழுத்துமாக நம் லேபுகளில் குடியேறிக் கிளம்ப மறுத்தது. சி++ மொழிக்குப் பன்னாட்டுத் தரம் வகுக்கப்பட்டதோ 1998இல். இலக்கியம் கண்டதற்கே இலக்கணம் என்னும் நம் மரபுப்படி, எட்டாண்டு மூத்த டர்போவில் பிழை காண எவருக்கும் உரிமையில்லை. 64 பிட் விண்டோஸுக்கு இம்மரபு தெரியாது; 16 பிட் மென்பொருளை அது வாசலிலேயே நிறுத்தியது. கல்லூரிகள் கலங்கவில்லை. பழைய டாஸ் விளையாட்டுகளை ஆடுவதற்கென எழுந்த டாஸ்பாக்ஸுக்குள் டர்போவை அமர்த்திப் பாடம் நடத்தின.

அடுத்து, நிரலின் தலையில் கிளியர் ஸ்கிரீன், காலில் கெட்ச் என்னும் வழக்கம். இதை வெறுஞ்சடங்கு என்போர் காரணம் அறியார். கண்ட்ரோல் எஃப்9 அழுத்தினால் நிரல் ஓடி முடிந்த கணமே நீலத்திரை திரும்பிவிடும். விடை கண்ணில் படாது. ஏதேனும் ஒரு விசைக்காகக் காத்திருக்கும் கெட்ச் அதைப் பிடித்து நிறுத்துகிறது. மறுமுறை ஓட்டினால் பழைய விடை மேலேயே கிடக்கும். அதைத் துடைக்கவே கிளியர் ஸ்கிரீன். ஆல்ட் எஃப்5 அழுத்தினாலே விடைத்திரை தெரியும் என்றொரு மாற்றுக் கொள்கையும் உண்டு. நோட்டில் எழுதிக்காட்ட முடியாத காரணத்தால் அது செல்வாக்குப் பெறவில்லை.

இவ்வாறு பயின்றவர் ஒருநாள் லினக்ஸில் ஜி++ முன் அமர்கிறார். கெட்ச் குடியிருக்கும் கோனியோ.ஹெச் இல்லை என்கிறது அது. ஐஓஸ்ட்ரீமுக்குப் பின்னால் ஹெச் எதற்கு என்கிறது. வாய்டு மெயினைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தாம் கற்றது சி++ அன்று, டர்போ வட்டார வழக்கு என்பது அவருக்கு அப்போதுதான் புலனாகிறது.

ஃபேக்டோரியல் நிரலைத் தனியே நோக்குக. டர்போவில் முழு எண்ணுக்கு 16 பிட், உச்சம் 32,767. ஏழின் ஃபேக்டோரியல் 5,040 என ஒழுங்காக வரும். எட்டுக்கு 40,320 வரவேண்டிய இடத்தில், கூசாமல் -25,216 என்று அச்சிடும். இவ்வளவு பெரிய ஓட்டை லேபில் கண்ணில் படாதது எவ்வாறு? நோட்டில் உள்ளீடு ஐந்து, விடை 120. அண்ணன் நோட்டிலும் அதுவே, அவருடைய அண்ணன் நோட்டிலும் அதுவே. எட்டைத் தட்டிப் பார்க்கும் துடுக்கு மாணவர் இருந்திருக்கலாம். அவருக்கு வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் என்ன நேர்ந்ததோ!

பின்னர் புரட்சி வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷன் முதல் செமஸ்டரிலேயே பைத்தானை வைத்தது. புதுமொழி என வரவேற்கப்பட்ட பைத்தான் வெளிவந்த ஆண்டு 1991. டர்போ சி++க்கு ஒரு வயதே இளையது. அடைப்புக்குறிகளுக்குப் பதில் இங்கே வரியை உள்தள்ளி எழுதுவதே இலக்கணம். திரையில் இது அழகு. தேர்வுத்தாளிலோ பால்பாயிண்ட் பேனாவால் நான்கு இடைவெளி விடுவது எப்படி? திருத்துபவர் அடிக்கோல் வைத்து அளப்பாரா? இது குறித்துப் பல்கலைக்கழகச் சுற்றறிக்கை எதுவும் எம் பார்வைக்கு வரவில்லை. பைத்தானுக்குக் கம்பைலர் உண்டா என்பது வைவாவின் தனிச் சுழல். இல்லை என்றால், பைட்கோடு எங்கிருந்து வருகிறது என்பார்கள். உண்டு என்றால், பிறகு இன்டர்பிரெட்டர் எதற்கு என்பார்கள்.

பைத்தானில் முழு எண்ணுக்கு 32,767 என்ற வேலி கிடையாது. நூறின் ஃபேக்டோரியலைக் கேட்டாலும் 158 இலக்கங்களையும் நொடியில் கொட்டிவிடும். அத்தனையையும் நோட்டின் இடப்பக்கத்தில் பென்சிலால் யார் எழுதுவது? அண்மையில் எம் கைக்கு வந்த பைத்தான் ரெக்கார்டு நோட்டில் உள்ளீடு ஐந்து, விடை 120. கீழே எக்ஸ்டர்னல் எக்ஸாமினரின் கையொப்பம்.