கொண்டை மாமா

கொலுவுக்கு வருகிறவர்கள் படிகளை எண்ணுவார்கள். இந்த வருஷத்துப் புதுப் பொம்மை எது என்று தேடுவார்கள். பாடச் சொன்னால் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு மூன்று பாட்டுப் பாடுவார்கள். கொண்டை மாமாவுக்கு இவற்றில் எதிலும் ஈடுபாடு கிடையாது. வாசல் கோலத்தைத் தாண்டியதும் சட்டைப்பையிலிருந்து இரண்டாவது மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வார். பிறகு பொம்மைகளின் தலையை மட்டும் பார்ப்பார்.

ஊருக்கு ஒருவர், பெரிய ஊரானால் தெருவுக்கு ஒருவர் என்று இந்த இனம் பரவியிருக்கிறது. பெரும்பாலும் தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்றவராக இருப்பார். வரலாறு படிக்க ஆசைப்பட்டு, அப்பாவுக்குப் பயந்து காமர்ஸ் படித்தவராக இருப்பார். வெற்றிலை பாக்குக்கு அழைப்பு வந்தது மாமிக்குத்தான். இவர் துணைக்கு வந்தவர். ஆனால் மாமி பாயில் உட்காருவதற்குள் இவர் மூன்றாம் படியில் ஆட்சேபணை எழுப்பியிருப்பார்.

"ராஜராஜனுக்கு யார் கிரீடம் வெச்சது?"

"கடையிலயே அப்படித்தான் மாமா இருந்தது."

"கடைக்காரன் வெப்பான். நீங்க வாங்கலாமோ? பெரிய கோயில்ல கருவறையைச் சுத்தின உள்சுற்றுல, நாயக்கர் காலத்துப் பூச்சுக்கு அடியில சோழர் ஓவியம் இருக்குன்னு 1931ல எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிச்சார். அதுல கருவூர்த் தேவரோட நிக்கறவரைத்தான் ராஜராஜன்னு சொல்றா. முடியைத் தூக்கிக் கொண்டையாக் கட்டியிருக்கார். நீங்க வெச்சிருக்கறது 1973ல சிவாஜி போட்டுண்ட கிரீடம்."

வீட்டுக்காரி சுண்டல் கிண்ணத்தை நீட்டுவாள். இந்த வியாதிக்குச் சுண்டல் மருந்தல்ல என்பது அவளுக்குத் தெரியாது. வாயில் கடலையோடு அவர் ஔவையாருக்கு நகர்ந்துவிடுவார்.

ஔவையாருக்கு வெள்ளை முடியும் கைத்தடியும் இருப்பதில் அவருக்கு நிரந்தர மனக்கசப்பு. ஔவை ஒருவரல்ல, பலர். அதியமானோடு இருந்த சங்ககால ஔவை விறலி, இளம்பெண். அவருக்கு நரை எதற்கு? கே.பி. சுந்தராம்பாள் 1953இல் நடித்தாலும் நடித்தார், தமிழ்நாட்டில் ஔவையார் என்றால் யாருக்கும் ஒரு கறுப்பு முடி மிஞ்சவில்லை. அதியமான் கொடுத்த நெல்லிக்கனியைத் தின்ற பிறகும் இப்படி நரைத்திருந்தால் அந்தக் கனிக்குத்தான் என்ன மதிப்பு என்று அவர் கேட்கும்போது, பதில் சொல்ல யாராலும் முடிந்ததில்லை.

புத்தரிடம் அவருக்குக் கொஞ்சம் நிதானம் உண்டு. துறவு பூண்ட அன்று வாளால் முடியை அறுத்தவருக்குத் தலை நிறையச் சுருள் எப்படி வந்தது என்று அந்த வீட்டுப் பேரன் ஒருமுறை மடக்கப் பார்த்தான். "அறுத்தது போக மிஞ்சினது ரெண்டு விரற்கடை நீளத்துல வலப்பக்கமாச் சுருண்டு, அதுக்கப்புறம் ஆயுசுக்கும் வளரவே இல்லைங்கறது பௌத்த மரபு. பொம்மை சரி" என்று தீர்ப்பளித்தார். திருவள்ளுவரையும் தொடமாட்டார். அரசு ஏற்றுக்கொண்டது வேணுகோபால் சர்மாவின் ஓவியம்; வள்ளுவரை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை, ஆகவே மறுப்பதற்கு ஆதாரம் இல்லை. தணிக்கைக்காரர் ரசீது இல்லாத இடத்தில் பேச மாட்டார்.

பெண் பொம்மைகளிடம் வந்தால்தான் பொழுது போவது தெரியாது. பழந்தமிழ்ப் பெண்ணின் கூந்தலுக்கு ஐம்பால் என்றே பெயர். முடி, குழல், கொண்டை, பனிச்சை, சுருள் என்று ஐந்து வகையாக அதை முடிந்தார்கள். கொலுவின் மேல்படிகளிலோ ஆண்டாளின் சாய்ந்த கொண்டையைத் தவிர மற்ற எல்லாருக்கும் ஒரே பின்னல், ஒரே டப்பா கறுப்பு எனாமல். "அஞ்சு வகையில நாலைத் தொலைச்சுட்டு என்ன கலாசாரம் வேண்டியிருக்கு?" என்பார். அப்போது மாமி, பாயில் இருந்தபடியே, "ஆத்துல என் தலையில பூ இருக்கா இல்லையான்னு ஒருநாள் பார்த்திருக்காரா கேளுங்கோ" என்பாள். அது அவர் காதில் விழாது.

பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி மேல் அவருக்குத் தனி இரக்கம். பெயரிலேயே குடுமி வைத்துக்கொண்டிருந்த பாண்டியன். அவனுக்கும் யாராவது பொம்மை செய்தால் கிரீடத்தைக் கவிழ்த்துக் குடுமியை மறைத்துவிடுவார்கள் என்ற கவலையில், இதுவரை பொம்மை வராததே நல்லது என்றும் நினைக்கிறார்.

இவ்வளவு கறாரானவர் ஒரே இடத்தில் கைகூப்புவார். கடைசிப் படியில் அரிசி, பருப்பு, வெல்லம் பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியார் முன்னால். அந்த வீட்டுச் செட்டியாருக்கு முன்னந்தலை மழிப்பு, பின்னால் கட்டுக்குடுமி. பக்கத்தில் செட்டியாரம்மாவுக்கு அள்ளி முடிந்த கொண்டை. கல்யாண செட்டில் வாத்தியாருக்குக் குடுமி, மாப்பிள்ளைக்குக் கிராப்பு. "இதெல்லாம் நூத்துக்கு நூறு" என்பார். அவர் சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது. பொம்மை செய்கிறவர் ராஜராஜனைப் பார்த்ததில்லை, சினிமாவையும் காலண்டரையும் பார்த்தார். செட்டியாரை அவர் கடன் சொல்லி மளிகை வாங்கிய கடையில் தினமும் பார்த்தார். ஊரில் குடுமிகள் ஒவ்வொன்றாகக் கிராப்பாக மாறிய பிறகும் அச்சு மாறவில்லை. ஆகவே பேர் பெற்றவர்கள் எல்லாம் வேஷம் கட்டி நிற்க, பேரில்லாத மளிகைக்காரர் மட்டும் தன் காலத்துத் தலையோடு உட்கார்ந்திருக்கிறார். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பார்கள். செட்டியார் குடுமி ஆடாமலே சாட்சி சொல்கிறது.

இத்தோடு மாமா நின்றிருக்கலாம். மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் பொம்மை விற்க வந்த பண்ருட்டிக்காரரிடம் போய் ராஜராஜனுக்குக் கொண்டை கேட்டார்.

"அச்சு ரெண்டு பாதி சார். முன்பாதி, பின்பாதி. கிரீடம்னா நேரா மேல போவும், அச்சிலேருந்து கழண்டு வந்துரும். கொண்டை துருத்துனா அச்சிலயே மாட்டிக்கும். தனியா ஒட்டணும். லாரில ஏத்துனா மொதல்ல அதான் ஒடையும்."

"ஒடஞ்சாலும் பரவால்லை. சரித்திரம் ஒடையக் கூடாது."

"நீங்க காசு குடுத்தா நான் எதுக்கு சார் சரித்திரத்தை ஒடைக்கிறேன்?" என்று அவர் முன்பணம் வாங்கிக்கொண்டார்.

மறு வருஷம் பொம்மை வந்தது. காகிதக்கூழில் செய்தது. வாளில்லை, கிரீடமில்லை, தோளில் புரளும் கேசமில்லை. மீசையை மெல்லியதாக இழுக்கச் சொல்லியிருந்தார் மாமா. தூக்கிக் கட்டிய கொண்டை மட்டும் குறைவில்லாமல் இருந்தது. பக்கத்து வீட்டுக் கொலுவில் மூன்றாம் படி நடுவில் அதை அவரே வைத்துவிட்டுப் போனார்.

முதல் நாள் வந்த மாமி ஒருத்தி, "அம்மன் களையா இருக்கா, மாங்காடா?" என்று கேட்டாள். இரண்டாம் நாள் யாரோ நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு சிறுமி, மாலை போதவில்லை என்று கழுத்தில் பாசிமணி போட்டாள். நாலாம் நாளிலிருந்து மாமா தன் வீட்டில் இருப்பதே குறைந்துவிட்டது. கொலுவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவருக்கும் 1931இலிருந்து ஆரம்பித்தார். கூட்டம் செட்டியார் பக்கமாக ஒதுங்கிப் போனது.

ஆறாம் நாள் வீட்டுப் பாட்டி யாரையும் கேட்காமல், பழைய ராமர் பட்டாபிஷேக செட்டில் மிஞ்சியிருந்த ஜிகினாக் கிரீடத்தை எடுத்து ராஜராஜன் தலையில் கவிழ்த்தாள். கொண்டை உள்ளே சரியாகப் போய்ப் பொருந்திக்கொண்டது. அன்று சாயங்காலம் வந்த முதல் குழந்தையே, "ஐ, ராஜராஜ சோழன்!" என்றது.

மாமா வந்தார். கண்ணாடியை மாற்றினார். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் கிரீடத்தை ஒரு விரலால் லேசாகத் தூக்கி, உள்ளே பார்த்துவிட்டு, மறுபடி வைத்தார்.

"இருக்கட்டும்" என்றார். "உள்ளே சரியாத்தான் இருக்கு."

அன்றிலிருந்து விஜயதசமி வரை வந்தவர்களிடமெல்லாம் அவர் ரகசியமாகச் சொன்னது அந்த ஒன்றைத்தான். சந்தேகப்பட்டவர்களுக்குத் தூக்கியும் காட்டினார்.