டிரம் சுழலுது, துணி காயலை!

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டு டிரையர் சுழல்கிறது, துணி மட்டும் காயவில்லை. ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும்?

பதில்: பெரும்பாலும் 100 முதல் 400 டாலருக்குள் முடியும். மெக்கானிக் வாசற்படி ஏறுவதற்கே 80, 100 டாலர் கேட்பார். ஹீட்டரோ, சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸோ போயிருக்கலாம். ஃபியூஸின் விலை 10, 20 டாலர்தான். ஆனால், சூடான காற்று வெளியேறும் குழாயில் துணிப் பஞ்சு அடைத்திருந்தால் புது ஃபியூஸும் பழைய ஃபியூஸின் வழியிலேயே போய்ச் சேரும். அதே பஞ்சு தீப்பிடித்து வீடுகள் எரிந்திருக்கின்றன. குழாயை அவசியம் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்! பத்து வயது தாண்டிய மெஷினுக்குப் புதுசின் பாதி விலை கேட்டால், வைத்தியம் வேண்டாம், மாற்றிவிடலாம். அதுவரை கொடியில் காயப்போடட்டும்; சூரியன் சர்வீஸ் சார்ஜ் கேட்பதில்லை. குடியிருப்புச் சங்கம் கொடி கட்ட விடுமா என்று மட்டும் முதலில் விசாரிக்கட்டும்.