சுவிச்சுத் துரையும் ரிலே கங்காணியும்

வாடா பேராண்டி. வேனை வாசல்ல நிப்பாட்டினப்பவே பார்த்துட்டேன். பம்பர்ல ரெண்டு பனி லைட்டு, கூரையில நீட்டமா ஒண்ணு, அடிவயித்துல ஊதா வெளிச்சம். ஹோனு வேற பாட்டுப் பாடுது. லயத்துல பாதிப்பேரு சாமி ஊர்வலம் வருதுன்னு தேங்காயும் கையுமா வெளியே வந்துட்டாங்க. சந்தோசம். ஆனா ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. இத்தனை லைட்டை மாட்டிக்கிட்டும் ராத்திரி பசறை ரோட்டுல ஏண்டா கண்ணைச் சுருக்கிக்கிட்டு ஓட்டுற?

பல்பு போதலைன்னு 100 வாட் வாங்கி மாட்டினியாமே. கெட்டிக்காரன். கம்பெனி கொடுத்தது 60/55 வாட். ஹைபீம் ரெண்டும் எரிஞ்சா 120 வாட். 12 வோல்ட்டுல கணக்குப் போட்டா 10 அம்பியர். உன் பல்பு ரெண்டுக்கும் 16 அம்பியருக்கு மேல வேணும். இந்தப் பழைய வேன்ல அம்புட்டும் பேட்டரியில கிளம்பி, டாஷ்போர்டுக்குள்ள சுத்தி, ஸ்டியரிங் பக்கத்துச் சின்னச் சுவிச்சுல நுழைஞ்சு, திரும்ப முன்னால போகணும். வயரு மெலிசு, வழி நீளம். போற வழியிலயே வோல்ட்டு கரைஞ்சுபோகுது. ஹாலஜன் பல்புக்கு வோல்ட்டு நூத்துக்குப் பத்து குறைஞ்சா, வெளிச்சம் நூத்துக்கு முப்பது குறைஞ்சிரும். மிச்சமெல்லாம் சூடு. சுவிச்சு சூடாகுது, பண்டாரவளைக் குளிருக்கு இதமா இருக்குன்னு கூட்டாளிக்கிட்ட பெருமையடிச்சியாமே! கொஞ்ச நாள் பொறு, வேனே அடுப்பாகும்.

உனக்கு வேண்டியது ரிலே. தோட்டத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்லியா கொடுக்கணும்? துரை பங்களாவுல இருந்து ஒரு வார்த்தை சொல்லுவாரு. அவரு கொழுந்து மூட்டை தூக்கிப் பார்த்திருக்கியா? வார்த்தையைக் கங்காணி காதுல வாங்கி, பெரட்டுல நிக்கிற ஆளுங்களை மலைக்கு விரட்டுவான். சுவிச்சுதான் துரை, ரிலேதான் கங்காணி. நீ துரை தலையிலயே மூட்டையை ஏத்தியிருக்க. அந்தக் காலத்துக் கங்காணிக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு தலைக்காசு அழணும். இந்தக் கங்காணி கேக்குறது 150, 200 மில்லி அம்பியர்தான். அதை வாங்கிக்கிட்டு 30 அம்பியர் வேலையை முடிச்சுத் தரும். இம்புட்டு நாணயமான கங்காணியை நான் ஊவா மாகாணத்துல கண்டதில்ல.

உள்ளே என்ன இருக்குன்னா, ஒரு செம்புக் கம்பிச் சுருள். அதோட ரெண்டு முனைக்கும் 85, 86ன்னு நம்பர். ஜெர்மன்காரன் வச்ச நம்பரு. கரண்டு பாய்ஞ்சா சுருள் காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். 'டக்'னு 30ம் 87ம் சேரும். சுவிச்சை அணைச்சா ஸ்பிரிங்கு தகட்டைத் திரும்ப இழுத்துக்கும். சில ரிலேயில 87ஏன்னு இன்னொரு காலு இருக்கும். ரிலே சும்மா இருக்கிறப்ப 30 அதோடதான் சேர்ந்திருக்கும். பனி லைட்டுக்கு நீயே ஒரு ரிலே மாட்டி, சுவிச்சைப் போட்டா அணையுது, அணைச்சா எரியுது, பேய் புடிச்சிருச்சுன்னு டயருக்கடியில எலுமிச்சம்பழம் நசுக்கினியே, ஞாபகமிருக்கா? அது பேயில்லடா. 87ஏ.

இது கார்க்காரன் கண்டுபிடிச்சதும் இல்ல. தந்திக்காரன் சொத்து. 1830கள்லயே அமெரிக்காவுல ஜோசப் ஹென்றி இந்த வித்தையைச் செஞ்சு காட்டிட்டாரு. தந்தி தூரம் போகப்போக கரண்டு மெலிஞ்சுபோகும். மெலிஞ்ச கரண்டு காந்தத்தை மட்டும் அசைச்சாப் போதும், அங்க நிக்கிற புதுப் பேட்டரி மிச்ச வேலையைப் பார்த்துக்கும். மோர்ஸ் வாஷிங்டன்ல இருந்து பால்டிமோருக்குத் தந்தி அடிச்சது 1844ல. பதுளைக்கு ரயில் வந்தது 1924ல. உன் வேனுக்கு ரிலே இன்னும் வந்து சேரல.

சரி, மாட்டுற விதத்தைக் கேளு. பேட்டரி ப்ளஸ்ல இருந்து தடிச்ச வயரு, பேட்டரி பக்கத்துலயே ப்யூஸ், அங்கேருந்து 30க்கு. 87ல இருந்து அதே தடிப்புல பல்புக்கு. பழைய ஹெட்லைட் வயரு 86க்கு, 85 எர்த்துக்கு. எர்த்துன்னதும் பெயிண்டு மேலயே ஆணியை முறுக்கிட்டு வராத. சுரண்டி இரும்பைக் காட்டு. ப்யூஸ் போனா சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுத்துறவன் நீ. ப்யூஸ் பல்பைக் காப்பாத்த இல்ல, வயரு தீப்புடிக்காம இருக்க. சில ரிலேக்குள்ள டயோடு இருக்கும். சுருளை அணைக்கிறப்ப எகிறுற வோல்ட்டை அது அடக்கும். அதுல ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாத்தக்கூடாது. மூடியிலயே படம் போட்டிருக்கான், படிச்சவன்தானே நீ, பாரு.

பழைய டொயோட்டா பலதுல ஹெட்லைட் சுவிச்சு எர்த்துப் பக்கம் இருக்கும். அதுல நான் சொன்னபடி மாட்டினா எரியாது, என்னைத்தான் திட்டுவ. டெஸ்ட் லேம்ப்பால முதல்ல பார்த்துக்க. கால்கள் கீழே பார்த்திருக்கிற மாதிரி ரிலேயை மாட்டு. ஐப்பசி மழைத் தண்ணி உள்ளே தங்கினா உப்புப் பூத்துரும். 'டக்'னு கேட்டதும் ரிலே நல்லாருக்குன்னு மீசையை முறுக்காத. சுருள் நல்லாருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம். உள்ள முனை கருகியிருக்கலாம். அதே வகை ரிலே ஒண்ணை மாத்திப் பாரு, தெரிஞ்சிரும்.

இன்னொண்ணு. ஹப்புத்தளைப் பனியில ஹைபீமும் கூரை லைட்டும் போட்டா முன்னால வெள்ளைச் சுவருதான் தெரியும். பனிக்கு வெளிச்சம் கீழேயிருந்து தரையைத் தடவணும். 100 வாட்டால உனக்கு ரோடு தெரியுதோ இல்லையோ, எதிர்ல வர்ற பஸ் டிரைவருக்கு உன் பரம்பரையே தெரியுது. எல்ல வளைவுல ஜன்னலைத் திறந்து ஒவ்வொருத்தரா விசாரிக்கிறாரு.

அதனால பழைய 60/55 பல்பையே திரும்ப மாட்டு. பதுளை டவுனுக்குப் போயி லோபீமுக்கு ஒண்ணு, ஹைபீமுக்கு ஒண்ணு, ரெண்டு ரிலே, அதுக்கேத்த ப்யூஸ், நல்ல வயரு வாங்கிட்டு வா. ஞாயித்துக்கிழமை ஹயர் எடுக்காத, நான் பக்கத்துல குந்திக்கிட்டுச் சொல்றேன், நீ மாட்டு. வர்றப்ப எனக்கு ஒரு கட்டு வெத்தலை. இன்சுலேஷன் டேப்பு மட்டும் வாங்காத, உன் கையில அது ஆபத்து.