தெரு நிலையியல்: ஒரு முன்னாய்வு

வண்டி நிறுத்தம் தொடர்பாகத் தமிழில் எனக்கு அகப்பட்ட மிகப் பழைய வழக்கு பாரியுடையது. பற்றிக்கொள்ளக் கொம்பில்லாமல் ஆடிய முல்லைக்கொடியைப் பார்த்தான், தேரை அங்கேயே நிறுத்தினான், இறங்கி நடந்தான். சிறுபாணாற்றுப்படை இதைக் கொடைக் கணக்கில் எழுதிவிட்டது. ஆனால் ஆய்வாளன் கேட்க வேண்டிய கேள்விகள் அப்படியே கிடக்கின்றன. தேர் ஓரமாக ஒதுக்கப்பட்டதா? பின்னால் வந்த உப்பு வண்டிக்கு வழி இருந்ததா? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் 10 மணி நேரம் ஆளில்லாமல் நிற்கும் வண்டியை இழுத்துப்போக வைக்கச் சீருடையில் இருக்கும் காவலருக்கு அதிகாரம் உண்டு. பறம்பு மலையில் அப்படி ஒருவர் ரோந்து வந்திருந்தால் கடையெழு வள்ளல்கள் அறுவராகியிருப்பார்கள்.

‘பார்க்கிங்’குக்குத் தமிழில் நல்ல சொல் இல்லையே என்று வருந்துகிறவர்கள் தேரோட்டம் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். ‘நிலை’ என்ற சொல் இருக்கிறது. தேர் புறப்படுவதும் அங்கிருந்து, சேர்வதும் அங்கே. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம். அது நாலு வீதி சுற்றி நிலைக்கு வந்து முட்டுக்கட்டை விழுந்த பிறகுதான் ஊர் மூச்சு விடும். வண்டியின் அளவு தெரிந்து வீதி போட்டவர்கள் அவர்கள். நாம் தெருவைப் போட்டு, ஆளுக்கு மூன்றடி ராம்ப் கட்டி அதைக் குறுக்கி, அப்புறம் ஷோரூமுக்குப் போகிறோம்.

ஆய்வுக் களம், மேற்கு மாம்பலத்தில் நான் குடியிருக்கும் தெரு. கருவி, வீட்டிலிருந்த தையல் டேப். அளந்ததில் அகலம் ஆறு மீட்டர். இரு பக்கமும் ஒவ்வொரு கார் நின்றால், ஒன்று 1.7 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, 3.4 போய்விடுகிறது. மீதி 2.6. ஒரு லாரிக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் அனுமதிக்கும் அதிகபட்ச அகலமும் 2.6. ஆக, கணக்குப்படி தண்ணி லாரி போய்விடும். அதன் கண்ணாடிகள் போகா. காரை நிறுத்திவிட்டுப் பக்கக் கண்ணாடியை மடக்கிவிட்டுப் போகிறவரை இனி ‘பண்புடையார்’ என்றே குறிப்பிடலாம். எங்கள் தெருவில் பண்புடையார் இருவர். ஒருவருடைய கண்ணாடி உடைந்து தானாகவே மடங்கியது என்பதால் அவரைக் கணக்கில் சேர்ப்பதா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

அடுத்தவர் வீட்டு நுழைவாயிலை மறித்து நிறுத்தக்கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளே சொல்லிவிட்டன. அவற்றுக்குப் பதிலாக 2017-இல் வந்த விதிகளும் சொல்கின்றன. ஆனால் நுழைவாயில் எங்கே முடிகிறது? இங்குதான் சட்டம் கைவிரிக்கிறது, கோலம் கை கொடுக்கிறது. தெரு மாநகராட்சியுடையது என்பது ஏட்டளவில்தான். விடியற்காலையில் யார் எதுவரை பெருக்கித் தண்ணீர் தெளிக்கிறாரோ அதுவரை அவருடைய ஆட்சி. இதைக் கண்டுபிடித்தது நானல்ல. மூன்றாம் வீட்டு மாமி. ஒருநாள் என் நண்பர் காரை அவர் வாசலை ஒட்டி நிறுத்திவிட்டு இரவு தங்கினார். காலையில் மாமி அவரிடம் கோபப்படவில்லை. “பதினஞ்சு புள்ளிக் கோலம்ப்பா. உன் டயர் நிக்கறதால ஒன்பதோட முடிச்சுட்டேன். நன்னாவா இருக்கு, நீயே பாரு” என்றார், அவ்வளவுதான். நண்பர் பார்த்தார். கோலத்தின் வலது மூலையில் மாமி வைக்காத ஒரு புள்ளி, கறுப்பாக, என்ஜினிலிருந்து சொட்டியிருந்தது. அதன் பிறகு அவர் ஆட்டோவில்தான் வருகிறார்.

ஆகவே எல்லையை மீட்டரில் அளப்பதை விடப் புள்ளியில் அளப்பதே எங்கள் பகுதிக்குப் பொருந்தும். சாதாரண நாளில் ஒரு வாசலுக்கு ஒன்பது புள்ளி போதும், வெள்ளிக்கிழமை பதினைந்து. மார்கழியில் இருபத்தொன்றுக்குப் போய், நடுவில் பரங்கிப்பூவும் வைத்துவிடுவார்கள். அந்த மாதம் கார்கள் தாமாகவே பின்வாங்குவதை ஐந்து ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். பக்தியால் அல்ல. கோலத்தில் டயர் ஏற்றியவன் என்ற பெயர் தை வரைக்கும் கூட வரும்.

கோலம் போடாத வீடுகளுக்கு வேறு வழிகள்: செம்பருத்தித் தொட்டி, கால் உடைந்த நாற்காலி, யாரும் மாவரைக்காத ஆட்டுக்கல், பெயிண்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி நட்ட கம்பி. இவற்றை விரிவாக ஆராயத் தேவையில்லை. பலகையைத்தான் ஆராய வேண்டும். ‘வாகனம் நிறுத்தாதீர். மீறினால் காற்று பிடுங்கப்படும்.’ இலக்கண நயம் பாருங்கள். செயப்பாட்டு வினை, பிடுங்குவது யார் என்று இல்லை. தோன்றா வினைமுதல் இவ்வளவு அச்சம் தந்து வேறெங்கும் நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் அந்த வினைமுதல் ஓய்வு பெற்ற ஒரு கணக்கு ஆசிரியர் என்று எல்லோருக்கும் தெரியும். அவரும் இதுவரை பிடுங்கியதில்லை. வால்வைத் தேடிக் குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளுமாம்.

இன்னொரு வகையினர் முன்கண்ணாடிக்குள் சீட்டு வைப்பவர்கள். ‘இடைஞ்சலாக இருந்தால் அழைக்கவும்’, கீழே கைபேசி எண். தெருவில் நிறுத்துகிறவன் செய்யக்கூடிய உச்சபட்ச மரியாதை இதுதான் என்பது என் துணிபு. நிறுத்திய இடம் தவறாகவே இருக்கட்டும், கூப்பிட்டால் வருகிறேன் என்கிறானே. ஆனால் சென்னை வெயில் கடைசி இரண்டு எண்களைத் தின்றுவிடுகிறது. நூறு வாய்ப்புகள். ஒருமுறை முயன்றேன், பதினொன்றாவது அழைப்பில் ஒரு கேட்டரிங்காரர் கிடைத்தார். வளைகாப்புக்கு அவரைத்தான் சொன்னோம்.

எல்லைக் கோட்பாடு எப்போது செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024 அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிவாசிகள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். அங்கே யார் வாசலும் இல்லை, தொட்டி இல்லை, பலகை இல்லை. ஒருவர் பின்னால் ஒருவராக, ஓரம் ஒட்டி, நடுவில் போகிறவருக்கு வழி விட்டு நின்றார்கள். தெருவில் வராத ஒழுங்கு பாலத்தில் எப்படி வந்தது என்று யோசித்தேன். பாலத்தில் எல்லோரும் விருந்தாளிகள்.

மீண்டும் பாரிக்கே வருகிறேன். எதிர்வீட்டுக்காரரின் பழைய மாருதி 800, கவர் போட்டபடி, எங்கள் கேட்டில் பாதியை மறித்து நிற்கிறது. நகர்த்தச் சொன்னபோது கவரை மெல்லத் தூக்கிக் காட்டினார். அடியில் பூனை, நாலு குட்டிகளோடு. “குட்டிங்க கண்ணு தொறக்கட்டும் சார், எடுத்துடறேன்” என்றார். அவர் மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடந்து போய் ரயில் பிடிக்கிறார். என் ஸ்கூட்டர் கேட்டுக்குள் மாட்டிக்கொண்டதால் நானும் கூடவே நடக்கிறேன். குட்டிகள் கண் திறந்து இன்றோடு பதினெட்டு நாள். பால் எங்கள் வீட்டிலிருந்து போகிறது.