கேட்டு எடுத்த முடிவு

1956 மே மாதம் திருச்சியில் நடந்த தி.மு.க. மாநாட்டுக்கு அப்பா போயிருந்தார். 1949-ல் தொடங்கிய கட்சி அதுவரை தேர்தலில் நின்றதில்லை. நிற்கலாமா என்று மாநாட்டுக்கு வந்தவர்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். நிற்கலாம் என்றவர்கள் 56,942 பேர். வேண்டாம் என்றவர்கள் 4,203 பேர்.

அப்பா வேண்டாம் என்று போட்டவர். பதவி வந்தால் சீர்திருத்த வேலை கெடும் என்று பெரியார் சொன்னதை நம்பியவர். ஆனாலும் 1957 தேர்தலில் கட்சி வேட்பாளருக்காக ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்தார். "நம்மளையும் கேட்டுத்தானேடா முடிவு பண்ணாங்க" என்பார்.

அந்தத் தேர்தலில் 15 இடம், 1962-ல் 50, 1967-ல் ஆட்சி. மேடைப் பேச்சு மட்டும் இதைச் செய்யவில்லை. எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் சாயங்காலம் நான் பத்திரிகையை உரக்கப் படிப்பேன். எழுத்தறியாத நெசவாளிகளும் வயல் வேலைக்காரர்களும் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். 1965 மொழிப் போராட்டம் மாணவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. இரண்டே வருஷத்தில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராஜரை 1,285 வாக்குகளில் வென்றார். புரோகிதர் இல்லாமல் நடந்த அப்பா அம்மா கல்யாணம் சட்டப்படி செல்லுபடியானது, அண்ணா ஆட்சியில் வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத்தால்தான். இயக்கம் கேட்டதைக் கட்சி சட்டமாக்கிய காலம் அது.

இப்போது எந்தக் கட்சியின் பொதுக்குழுவானாலும், கூட்டணி பற்றி முடிவெடுக்கத் தலைமைக்கு அதிகாரம் அளித்துத் தீர்மானம் போட்டுவிட்டுக் கலைகிறது. கிளைச் செயலாளருக்கே வேட்பாளர் யாரென்று டிவி பார்த்துத்தான் தெரிகிறது. ஆட்களைக் கூட்டத்துக்கு வேனில் ஏற்றிப் போகிறார்கள்; அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. தொண்டர் சோர்ந்துவிட்டார் என்று தலைவர்கள் குறைப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கேட்கப்படாதவர் எதற்குச் சைக்கிள் மிதிப்பார்?

ஆனால் கிராம சபைக்குப் போனால் எனக்குத் தெம்பு வருகிறது. போன முறை நூறு நாள் வேலைக் கூலி ஏன் வரவில்லை என்று எங்கள் தெருப் பெண்கள் எழுந்து கேட்டார்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை உட்காரவில்லை. கட்சிக்காரர்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி வரும் உள்ளாட்சித் தேர்தலில் வார்டுக்கு நிற்கப்போகிறாள். ஏதாவது கட்சியில் சேரப்போகிறாயா என்று கேட்டேன்.

"அவங்க முதல்ல எங்க கூட்டத்துல வந்து உட்காரட்டும் தாத்தா, அப்புறம் பாக்கலாம்" என்றாள்.