அட்டெண்டர் அண்ணனிடம் என்ன கேட்பது?

கேள்வி: கல்லூரி ஆண்டு மலருக்காக, எங்கள் வேதியியல் ஆய்வகத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கும் அட்டெண்டர் அண்ணனைப் பேட்டி எடுக்கப் போகிறோம். சொந்த ஊர், பிடித்த சாப்பாடு, குடும்பம், மறக்க முடியாத நாள் என்று பத்துக் கேள்விகள் எழுதி வைத்திருக்கிறோம். போதுமா?

பதில்: பத்தும் நல்ல கேள்விகள்தான். ஆனால் அவற்றை உங்கள் முதல்வரிடமும் கேட்கலாம், கல்லூரி வாசலில் பூ விற்கும் அம்மாவிடமும் கேட்கலாம். அந்த அண்ணனிடம் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுகூடப் பட்டியலில் இல்லையே! செய்முறைத் தேர்வன்று நீங்கள் நடுங்கிக்கொண்டே உள்ளே நுழையும்போது மேசைக்கு மேசை பியூரெட்டும் பிப்பெட்டும் கழுவி வைத்திருக்கும். கரைசல்கள் தயாராக இருக்கும். எந்த எண்ணுக்கு எந்த உப்பு என்பது அவருக்குத் தெரியும், முகத்தில் மட்டும் தெரியாது. இதற்கெல்லாம் முந்தின நாள் எப்போது வேலையைத் தொடங்கினார்? அமிலம் கையில் பட்டுவிட்ட பையனை முதலில் எங்கே இழுத்துக்கொண்டு ஓடுவார்? குழாயில் தண்ணீர் வராத நாளில் ஐம்பது பேருக்கு ஆய்வகத்தை எப்படி நடத்துவார்? இப்படி ஆரம்பியுங்கள். ஒரு மனிதரை அறிய அவருடைய வேலைதான் நேர்வழி என்பது என் கட்சி. அவருடைய பொறுமை, கைத்திறன், பிடிவாதம் மூன்றும் தினமும் செலவாகிற இடம் அது. ஊரும் உணவும் பிறகு வரட்டும்.

கேள்வி: வேலை விவரத்தை யார் படிப்பார்கள்? ஏழையாகப் பிறந்து கஷ்டப்பட்டு வந்த கதைதானே மனசைத் தொடும்?

பதில்: தொடும். அதனால்தான் பயமாக இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ஹாமில்டன் நாக்கி என்று ஒருவர் இருந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேலை தேடி வந்த கறுப்பின இளைஞர். டென்னிஸ் ஆடுகளங்களையும் தோட்டத்தையும் பராமரிப்பது வேலை. 1954-இல் ராபர்ட் கெட்ஸ் என்ற பேராசிரியர், ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்த ஒட்டகச்சிவிங்கியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவரை ஆய்வகத்துக்குள் கூப்பிட்டார். உள்ளே போனவர் அங்கேயே தங்கினார். விலங்குகளுக்கு மயக்க மருந்து கொடுக்கக் கற்றார், தையல் போடக் கற்றார், உறுப்பு மாற்று அறுவையில் தேர்ந்தார், பன்றிகளுக்குக் கல்லீரல் மாற்றும் நுட்பத்தை இளம் மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1991-இல் அவர் ஓய்வு பெற்றது தோட்டக்காரருக்கான ஓய்வூதியத்தில். 2003-இல் அதே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது.

இவ்வளவும் நடந்தது. இது போதாது என்று உலகம் நினைத்தது. 1967 டிசம்பரில் கிறிஸ்டியன் பர்னார்ட் செய்த உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையில், கொடையாளியின் இதயத்தை எடுத்த குழுவில் நாக்கி ரகசியமாக இருந்தார், இனவெறிச் சட்டத்துக்குப் பயந்து மறைத்துவிட்டார்கள் என்று ஒரு கதை பரவியது. 2005-இல் அவர் இறந்தபோது உலகின் பெரிய இதழ்கள் அஞ்சலிக் குறிப்பில் அதை அச்சிட்டன. அந்த அறுவையில் அவர் இல்லை என்று தெரிந்ததும் வரிசையாகத் திருத்தம் வெளியிட்டன. நெஞ்சைத் தொடும் கதை கிடைத்த மகிழ்ச்சியில், தினமும் அவர் என்ன செய்தார் என்று விசாரிக்க மறந்துபோனார்கள். நஷ்டம் யாருக்கு? நாக்கிக்குத்தான். கட்டுக்கதை உடைந்தால் அவர் உண்மையிலேயே செய்த வேலையையும் ஜனங்கள் சந்தேகத்தோடு பார்க்கக்கூடும். வேலையைத் துல்லியமாக எழுதியிருந்தால் அந்தப் புனைவுக்கு அவசியமே வந்திருக்காது.

கேள்வி: நாக்கி அபூர்வம். சாதாரண உதவியாளர் மேலே இருப்பவர் சொன்னதைச் செய்கிறவர்தானே? அதில் எழுத என்ன இருக்கிறது?

பதில்: ‘சொன்னதைச் செய்கிறவர்’ என்பது பெரும்பாலும் சம்பளப் பட்டியலின் கருத்து. அமெரிக்காவில் விவியன் தாமஸ் 1930-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் பிளலாக் என்ற மருத்துவரிடம் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். கறுப்பினத்தவர், கல்லூரிக்காகச் சேர்த்த பணம் பொருளாதார வீழ்ச்சியில் போய்விட்டது. அவர் செய்தது ஆராய்ச்சி. பதிவேட்டில் அவர் துப்புரவுப் பணியாளர். பிறகு இருவரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குப் போனார்கள். பிறவி இதயக் கோளாறால் உடல் நீலம் பாரிக்கும் குழந்தைகளுக்கான அறுவையை நாய்களிடம் திரும்பத் திரும்பச் செய்து முறைப்படுத்தியவர் தாமஸ். 1944 நவம்பர் 29-ஆம் தேதி முதல் குழந்தைக்கு அது நடந்தபோது, கத்தியைப் பிடித்தவர் பிளலாக். பின்னால் ஸ்டூலில் ஏறி நின்று ஒவ்வொரு கட்டத்திலும் வழி சொன்னவர் தாமஸ். மறு வருடம் வந்த மருத்துவக் கட்டுரையில் தாமஸின் பெயர் இல்லை. 1976-இல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. பதவிப் பெயரை மட்டும் பார்த்த பேட்டியாளர் அவரிடம் பிடித்த சாப்பாடு கேட்டுவிட்டுப் போயிருப்பார். ‘இந்தத் தையலை எப்படிப் போடுவீர்கள்?’ என்று கேட்டிருந்தால் மருத்துவ வரலாறே கிடைத்திருக்கும். உங்கள் அண்ணன் தாமஸாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் யார் என்று தெரிய அந்த மாதிரிக் கேள்வி ஒன்றுதான் வழி.

கேள்வி: அப்படியானால் சொந்த வாழ்க்கையைக் கேட்கவே கூடாதா?

பதில்: கேட்கலாம், வேலையிலிருந்து அதற்குப் பாதை இருந்தால். தாமஸ் ஆய்வகத்துக்கு வருமுன் தச்சு வேலை செய்தவர்; அந்தக் கைகளைப் பற்றிப் பேச இது தேவை. எஸ். ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, அந்த வேலையின் தனிமை பிடிக்காமல் பழைய வேலைக்கே திரும்ப நினைத்தார். பிறகு லண்டன் போனபோது, ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுத் துண்டுகளைப் பூட்டிப் புதுப்புது உருவம் செய்வதைப் பார்த்தார். நூல்களை வகைப்படுத்த 1933-இல் வெளியான அவருடைய கோலன் பகுப்புமுறைக்கு விதை அங்கே கிடைத்தது. சலிப்பும் பொம்மைக் கடையும் சொந்த விஷயங்கள்தான். அவை இல்லாமல் அவருடைய வேலை புரியாது.

ஆனால் ரங்கநாதனுக்கு இருந்த வசதி உங்கள் அண்ணனுக்கு இல்லை. வாழ்க்கையில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று ரங்கநாதனால் தானே தீர்மானிக்க முடிந்தது. அட்டெண்டரோ மாணவர்கள் கேட்டால் மறுக்கத் தயங்குவார். துறைத் தலைவர் பக்கத்தில் நின்றால் மறுக்கவே மாட்டார். கடன், மகளின் கல்யாணம், குடிப்பழக்கத்திலிருந்து மீண்டது எல்லாம் அந்தத் தயக்கத்தில் வெளியே வந்து, படத்தோடு அச்சாகி, அடுத்த வருடம் முதல் வருட மாணவன்கூட அவரை அந்தக் கண்ணால் பார்ப்பான். எனவே பேராசிரியர்கள் இல்லாத நேரத்தில் பேசுங்கள். எழுதியதை அச்சுக்கு முன் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் அடிக்கச் சொன்ன வரியைக் காரணம் கேட்காமல் அடியுங்கள். படத்தின் கீழே போட வேண்டிய பெயரையும் முதலெழுத்தையும் அவரிடமே கேளுங்கள். கல்லூரி முழுக்க அவரை ‘அண்ணே’ என்றே கூப்பிட்டுக்கொண்டிருப்பதால், முழுப் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது எனக்குச் சந்தேகம்.